மூன்றாம் ஓலையும் முட்டுப்பாலமும்

சேசு மரி சூசை

பெங்களூர் தண்டு
1934 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை

நைரோபியில் இருக்கும் என் அருமை மகள் கேத்தரினுக்கு, உன் அம்மா ஜூடித் ஆசீர்வதித்து எழுதுவது. சர்வேசுரன் கிருபையாலும் அந்தோணியார் தயவாலும் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர, அதற்கும் தைலம் போட்டுக்கொண்டிருக்கிறேன், அது எப்படி வீங்கியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே, ஆகையால் பதறாமல் வாசி. நீயும் மருமகப்பிள்ளை ஓஸ்வால்டும் குழந்தை டோரீனும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்போது அங்கே குளிர் காலமாமே, குழந்தைக்குக் காதை மூடிக் கம்பளிக் குல்லா போடு, ஸ்டைலுக்காகப் பாதித் தலையில் நிறுத்தி வைக்காதே. அடி பெண்ணே, எனக்குச் சிரிப்பு அடங்கமாட்டேன் என்கிறது, சிரித்துச் சிரித்து மையைக் கொட்டி ஒரு தாள் வீணாகிவிட்டது, பைத்தியம் கியித்தியம் பிடிச்சிடுச்சா என்று உன் அப்பா அடுத்த அறையிலிருந்து கேட்கிறார். பிடித்துத்தான் விட்டது, தெரு முழுவதுக்கும் பிடித்துவிட்டது.

முதலில் உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் தங்கை நோராவுக்கு டொமினிக்கைப் பேசி முடித்து, கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலையில் இரண்டை வாசித்தாகிவிட்ட நேரத்தில் அது வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையின் ஓவர்சியர் வேலை ஆட்டம் காண்கிறது என்று நான் எழுதினாலும் எழுதினேன், நீ பெரிய மனுஷியாக, வேலை நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கல்யாணத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டாய். உன் அப்பாவுக்கு அது போதாதா? கடிதத்தை என் முகத்துக்கு நேரே விசிறி மாதிரி ஆட்டி, பாத்தியா, ஆப்பிரிக்காவுல இருக்கிறவளுக்குத் தெரியுது, அடுப்பங்கரையில இருக்கிற உனக்குத் தெரியலை என்று சொல்லி, நேரே சாமியாரிடம் போய் மூன்றாம் ஓலையை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். இரண்டு ஓலை வாசித்து மூன்றாவது நின்றுபோன பெண்ணை நம் தெருவில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? பூசை முடிந்து வெளியே வந்தால் ஒவ்வொருத்தியாக வந்து, என்ன கண்ணு, உடம்பு சரியில்லையா என்று நோராவின் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். நோரா தைத்து வைத்திருந்த கல்யாணக் கவுனை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு உன் மேல் கோபம் வந்தது, இப்போது இல்லை.

டொமினிக்கின் வேலைக்கு வந்த கேடு ஒரு பாலம். நம் தெருக்கோடியில் ஓடை இருக்கிறதே, நீ சின்னப் பிள்ளையில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்த அதே ஓடை, அதன் மேல் போன வருஷம் நம் தண்டு ஆபீஸ்காரர்கள் பாலம் கட்டினார்கள். லேசுப்பட்ட பாலம் இல்லை அம்மா, கருங்கல் வளைவு, இரண்டு பக்கமும் பூ வேலை செய்த இரும்புக் கிராதி, அது கப்பலில் வந்ததாம், மூலைக்கு ஒரு விளக்குக் கம்பம், நடுவில் பெரிய மனிதர்கள் பேரெல்லாம் வெட்டிய பளிங்குக் கல். வெயில் காலத்தில் அந்த ஓடையில் ஒரு வாத்து நீந்தக்கூடத் தண்ணீர் இருக்காது. ஓடைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரர் ஆளுகிற தண்டு, அந்தப் பக்கம் மகாராஜாவின் மைசூர் சீமை, உனக்குத் தெரியாததா. பாலம் நம் வேலை, ரோடு அவர்கள் வேலை என்று இவர்களாகவே நினைத்துக்கொண்டு கட்டிவிட்டார்கள், அந்தப் பக்கத்தாரை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கட்டி முடித்த பிறகு போய்க் கேட்டால், உங்களைப் பாலம் கட்டச் சொன்னது யார் என்கிறார்கள் அவர்கள், தண்ணீரைத் தாண்டினால் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறார்கள் இவர்கள். ஆக, பாலம் ஜம்மென்று மேலே ஏறி, நடுவில் முதுகு வளைந்து, அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கி, ஒரு ஆள் உயரத்தில் அந்தரத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே சேறு, எதிரே ஒரு கொய்யாத் தோப்பின் முள்வேலி. முட்டுச்சந்து இருக்கிறது, முட்டுப்பாலம் இருக்கக் கூடாதா என்று நம் தெருக்காரர்கள் அதற்கு முட்டுப்பாலம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். திறப்பு விழாவை நீ பார்த்திருக்க வேண்டும். ரிப்பன் வெட்டி, பேண்டு அடித்து, பெரிய மனிதர்கள் எல்லோரும் பாலத்தின் முதுகு வரைக்கும் நடந்து கை தட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள், ஏனென்றால் டீயும் கேக்கும் வைத்த மேஜை இந்தப் பக்கம் இருந்தது. அந்தக் கோடி வரைக்கும் போய்ப் பார்த்த ஒரே ஜீவன் பால்காரரின் எருமைதான், அதுவும் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தது.

இவ்வளவு காசைக் கொட்டிய பாலத்தில் யாராவது நடக்கிறார்களா என்று பார்க்க ஒரு பெரிய துரை வருகிறார் என்று தெரிந்ததும், மேலே இருந்தவர்கள் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு, கல் இறக்கும்போது பக்கத்தில் நின்ற டொமினிக்கைக் காட்டிவிட்டார்கள். ஜனங்கள் போய்வந்தால் அவன் வேலை நிலைக்கும், காலியாகக் கிடந்தால் அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்களாம். (அவன் என்று எழுதுகிறேனே என்று பார்க்காதே, நேற்று வரைக்கும் பூசையில் மணி அடித்த பையன், அவர் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.) அவன் நம் வீட்டு வாசலில் வந்து தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, மாமா, நீங்க ஓலையை நிறுத்தினது நியாயம்தான், நான் கோபப்படலை என்று சொன்னான். உன் அப்பா ம் என்றார். அவ்வளவுதான், ம். நோரா கதவுக்குப் பின்னால் நின்று அந்த ம்மைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

துரை பார்க்கத்தானே வருகிறார், நன்றாகப் பார்க்கட்டும் என்று தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டேன். பாலத்தின் முதுகு உயர்ந்திருக்கிறதா, இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அந்தக் கோடி கண்ணுக்குத் தெரியாது. உன் மாமா ரெமிஜியஸ் கோயில் விளக்கேற்றும் ஏணியைக் கொண்டுவந்து அந்தக் கோடியில் கட்டினான். ஏற வேண்டியது, முதுகைத் தாண்ட வேண்டியது, ஏணியில் இறங்க வேண்டியது, ஓடைப் புதருக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டு வண்ணான் துறையில் கரையேறி, முக்காட்டை மாற்றிக்கொண்டு மறுபடியும் பாலத்தில் ஏற வேண்டியது. 13ஆம் தேதி புதன்கிழமை, நம் அந்தோணியார் திருநாள் அன்றே துரை வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐயோ கேத்தரின், அன்றைக்கு நம் தெரு போட்ட போடு! ரொட்டிக்காரர் கூடையோடு போனார், பிறகு கூடையை மகனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனார். நான் குடையோடு போனேன், ஜெபமாலையோடு போனேன், பிறகு கையில் ஒரு கோழியோடு போனேன். மருத்துவச்சி அம்மாள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஓட்டமும் நடையுமாகப் போனாள், இந்த ஊரில் இத்தனை பிள்ளைகளா பிறக்கின்றன என்று துரை டொமினிக்கிடம் கேட்டாராம். டொமினிக்கிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் நேரே போய்த் துரையிடம் உண்மையைச் சொல்லிவிடுவான், அப்படிப்பட்ட பிள்ளை. அவன் துரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வருங்கால மாமியார் கோழியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாள் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குத்தான் ஆசை அடங்காதே. இந்த வருஷம் அந்தோணியார் சப்பரம் புதுப் பாலத்தின் மேல் ஏறி மந்திரித்துவிட்டு வரட்டுமே என்று முன்கூட்டியே சாமியாரிடம் கேட்டு வைத்திருந்தேன், அவரும் சந்தோஷமாகச் சரி என்றார். ரெமிஜியஸும் சரி என்றான், சப்பரத்துக்கு முன் தோள் கொடுக்கிறவன் அவன்தானே. இத்தனை வருஷம் அந்தக் கோயிலில் குப்பை கொட்டினவள், எனக்குப் புத்தி எங்கே போயிற்று! புறப்பட்ட சப்பரம் ஓரடிகூடப் பின்வாங்கக் கூடாது, வந்த வழியே திரும்பவும் கூடாது, சுற்றிக்கொண்டுதான் கோயில் சேர வேண்டும் என்பது நம் கோயில் பங்கில் கைக்குழந்தைக்கும் தெரியும். எல்லாத் தெருவும் இன்னொரு தெருவில் போய் முடிவதால் இத்தனை வருஷமாக அதைப் பற்றி யாருக்கும் கவலை வந்ததில்லை. எனக்கும் தோன்றவில்லை, ரெமிஜியஸுக்கும் தோன்றவில்லை, படித்த சாமியாருக்கும் தோன்றவில்லை. மெழுகுவர்த்தியும் ரோஜாப்பூவுமாக அந்தோணியார் ஜொலித்துக்கொண்டு பாலத்தில் ஏறினார், பின்னால் பேண்டு, அதில் உன் அப்பா தன் கையாலேயே தைத்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு பெரிய பித்தளைக் குழலை ஊதிக்கொண்டு வருகிறார், அதற்குப் பின்னால் ஊர் ஜனம். துரைக்குப் பாட்டு ரொம்பப் பிடித்துப்போய் அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டார்!

சப்பரம் முதுகைத் தாண்டி இறங்கியது. முன்னால் வெறும் ஆகாசம். ரெமிஜியஸ் பிரேக் போட்ட மாதிரி நின்றான், அவன் ஹோசூர் பஸ் ஓட்டுகிறவன் அல்லவா, அக்கா, ரோடு இல்லை அக்கா என்று கத்தினான். பின்னால வா என்று நான் கத்தினேன். அந்தோணியாருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது அக்கா என்றான். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பேண்டுக்கு இதொன்றும் தெரியாது, ஊதிக்கொண்டே முன்னால் தள்ளுகிறது. லேசாகத் தூறல் வேறு. பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள், சாமியார் வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார், துரை என்ன ஆயிற்று என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். போயிற்று, டொமினிக்கின் வேலையும் போயிற்று, மூன்றாம் ஓலையும் போயிற்று, என் வாயாலேயே என் மகள் தலையில் மண்ணை வாரிப் போட்டேன் என்று நான் கிராதியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

இந்தக் கலவரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அனந்தலக்ஷ்மி அம்மாள் வந்தாள். கொய்யாத் தோப்பு அவர்களுடையது, வீட்டுக்காரர் சுந்தரராமன் மைசூர் சர்க்காரில் இருந்து ரிட்டையர் ஆனவர், நம்மைப் போலத் தமிழ்க்காரர்கள்தான், மூன்று தலைமுறையாக இங்கே. பாலம் வந்ததிலிருந்து அந்த அம்மாளுக்கு நம் தெரு மேல் தீராத கோபம், போகிறவன் வருகிறவன் எல்லாம் பாலத்தின் கோடியில் நின்று அவள் கிணற்றடியை எட்டிப் பார்க்கிறான் என்று. அவள் வாயைத் திறந்ததும் வசவுதான் வரப்போகிறது என்று நினைத்தேன். அவளோ திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள். என்னன்னா பாத்துண்டு நிக்கறேள், ஸ்வாமி மழையில நனையறது, வேலியை வெட்டுங்கோ என்றாள். அவர் அது தண்டு எல்லை, இது மைசூர் எல்லை, ரெண்டு பக்கமும் உத்தரவு வேணும், ஜூரிஸ்டிக்ஷன் இருக்கு என்று இழுத்தார். வாசலுக்கு வந்த ஸ்வாமியைத் திருப்பி அனுப்பற வழக்கம் நம்மாத்துல இல்லை, யார் ஸ்வாமியா இருந்தா என்ன, உங்க ஜூரிஸ்டிக்ஷனை நாளைக்குப் பேசிக்கலாம், அரிவாளை எடுங்கோ என்று ஒரு அதட்டல் போட்டாள் பார், அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வேலியை வெட்டினார்.

வேலி திறந்தது, சரி, ஆள் உயரப் பள்ளத்தில் சப்பரத்தை எப்படி இறக்குவது? கீழே நின்று தோளில் வாங்க ஆள் வேண்டும். அப்போது பின்னாலிருந்து ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். துரை ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பதில்கூடச் சொல்லாமல், வேலையாவது ஒன்றாவது என்று துரையைப் பாதி வார்த்தையில் விட்டுவிட்டு ஓடிவந்து, சலவை செய்த காக்கி உடுப்போடு தொப்பென்று சேற்றில் குதித்தான். டொமினிக்தான். முன் கொம்பை ஒற்றைத் தோளில் வாங்கிக்கொண்டான். சப்பரம் அவன் பக்கமாகச் சரிய ஆரம்பித்தது, அடுத்த தோள் வேண்டும், யார் குதித்தது என்று நினைக்கிறாய்? உன் அப்பா! பித்தளைக் குழலைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டுக் குதித்தார், பக்கத்தில் இருந்தவர் துரை. ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் உன் அப்பாவின் குழல், அந்தக் கோலத்தில் துரை நின்றதை நீ பார்க்காமல் போனாயே! முழங்கால் வீங்கியது அந்தக் குதிப்பில்தான். மாமனாரும் மருமகனும் உடம்பெல்லாம் சேறாக, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, மேலே அந்தோணியார். அப்போது உன் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, டேய், அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலை வாசிக்கச் சொல்லிடறேன், தோளை மட்டும் எடுத்துடாதே என்றார். மாமா, எனக்கு வேலை போயிடும் மாமா என்றான் டொமினிக். போனாப் போவட்டும், வேலை வேற கிடைக்கும், இப்படித் தாங்குறவன் எங்கே கிடைப்பான், நீ நட என்று சொல்லிவிட்டு, ஐயோ என் முட்டி என்று ஒரு சத்தம் போட்டார். நோரா என் பக்கத்தில்தான் நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை, என் கையைக் கிள்ளினாள், இன்னும் வலிக்கிறது.

அந்தோணியார் கொய்யாத் தோப்பு வழியாக நடந்து, அனந்தலக்ஷ்மி அம்மாள் கையால் கற்பூர ஆரத்தி வாங்கிக்கொண்டு, ஹோசூர் ரோட்டில் ஏறி, அடுகோடி வழியாகச் சுற்றிக்கொண்டு, பின்வாங்காமல் ராஜா மாதிரி கோயில் வந்து சேர்ந்தார். தொலைந்த சாமானையெல்லாம் தேடித் தருகிறவர் அல்லவா, சர்க்கார் தொலைத்த ரோட்டையும் தேடிக் கொடுத்துவிட்டார். ஸ்வாமி நடந்த இடத்தில் மறுபடி முள் வைக்க மாட்டேன் என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இப்போது அந்த வழியாகத்தான் தெருவே போய்வருகிறது, ஏணி மட்டும் அப்படியே இருக்கிறது. துரையும் ஏணியில் இறங்கி, ஒரு கொய்யாப்பழம் தின்றுகொண்டே, ரோடு எங்கே என்று கேட்டாராம். ரோடு கிடையாது சார், இந்த ஜனங்கள் சாயங்காலம் பூரா எனக்காகச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள் என்று டொமினிக் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான், சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். துரை சிரித்த சிரிப்பில் கொய்யா விதை புரையேறிவிட்டதாம். நேற்று உத்தரவு வந்தது. என்ன உத்தரவு என்று நினைக்கிறாய்? ரோடு போடவா? இல்லை. ஏணிக்குப் பதில் படிக்கட்டா? அதுவும் இல்லை. தண்ணீரைத் தாண்டினால் அதிகாரம் இல்லையே! இவ்வளவு ஜனம் நடக்கிற பாலம் போதாது, இன்னும் அகலமாகக் கட்ட வேண்டும், விளக்குக் கம்பம் இன்னும் இரண்டு வேண்டும், அந்த வேலை முடியும் வரைக்கும் டொமினிக்கே ஓவர்சியர் என்று உத்தரவு! நம்ம வரிப் பணத்துல முட்டுப்பாலத்தை அகலமாக்கப் போறானுங்களாம் என்று உன் அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே திட்டினார், அப்புறம் அவரும் சிரிக்க ஆரம்பித்தார், நானும் அவரும் சோறு ஆறிப்போகும்வரை சிரித்தோம்.

இன்று காலைப் பூசையில் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது கோயில் முழுவதும் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தது. அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் நோரா பெட்டியின் அடியிலிருந்து கவுனை எடுத்து வெயிலில் போட்டாள். வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை கல்யாணம், கோயிலிலிருந்து பாலம் வழியாகத்தான் ஊர்வலம், விருந்து அனந்தலக்ஷ்மி அம்மாளின் தோப்பில், பெண் ஏணியில் எப்படி இறங்குவாள் என்று சாமியார் கவலைப்படுகிறார். கீழே மாப்பிள்ளை நிற்பார், மேலே அவள் அப்பா நிற்பார், இறங்காமல் என்ன? பார்த்தாயா, என் கை தானாகவே அவர் என்று எழுதிவிட்டது.

ஓஸ்வால்டைக் கேட்டதாகச் சொல், டோரீனுக்கு ஒரு முத்தம். மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையை நிறுத்தாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, குழந்தையின் கவுன் அளவை நூலில் எடுத்து அனுப்பச் சொல்லி இரண்டு கடிதம் எழுதிவிட்டேன், மறந்துவிடாதே. அந்தோணியார் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும், வழி இல்லாத இடத்திலும் வழி காட்டட்டும். கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்லி இன்னும் ஏதாவது புத்திமதி உன்னிடம் இருந்தால் தாராளமாக எழுது கண்ணே, இந்தக் கடிதம் கப்பலேறி உன் கைக்கு வருவதற்குள் உன் தங்கை ஏணியில் இறங்கி அந்தப் பக்கம் போயிருப்பாள்.

கோழி தூக்கிக்கொண்டு பாலம் கடந்த
உன் அம்மா,
ஜூடித் சில்வெஸ்டர்